பெயர் அறிந்து பறிப்போம்

வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் தானாக முளைத்த கீரையைப் பறித்துச் சமைப்பதை இல்லாமையின் அடையாளமாகக் கருதும் மனப்போக்கு நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியிருக்கின்றது. சந்தையில் விலை கொடுத்து வாங்கிய கோவாவுக்கும் கரட்டுக்கும் இருக்கும் மதிப்பு, காசில்லாமல் கிடைக்கும் முசுட்டை இலைக்கு இருப்பதில்லை. வீட்டுக்கு விருந்தினர் வந்துவிட்டால் குறிஞ்சா வறையை அடுக்களையிலேயே மூடி வைத்துவிட்டு, உருளைக்கிழங்குக் கறியைப் பரிமாறிய இல்லத்தரசிகளை நான் அறிவேன். இப்படிப்பட்ட சூழலில் வளர்ந்தவர்களிடம், இங்கிலாந்தில் ஆற்றங்கரையோரம் நடந்து, தானாக வளரும் உண்ணத்தக்க செடிகளை இனங்காணக் கற்பதற்கு மக்கள் கட்டணம் செலுத்துகின்றார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சரியானதுதானா என்று கேட்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

கடந்த ஆண்டு ஏப்ரல் மாதம் லண்டனில் வாழும் என் தங்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அப்போது அவ்வாறான நடை ஒன்றில் கலந்துகொள்ளும் வாய்ப்புக் கிடைத்தது. தங்கையின் மகள்தான் அதற்கு ஏற்பாடு செய்தாள். தலைக்கு 35 பவுண் கட்டணம். மூன்று மணித்தியால நடை. வழிகாட்டிப் பெண்மணியைத் தவிர நாங்கள் பன்னிரண்டு பேர். இடம், கிழக்கு லண்டனில் லீ ஆற்றின் கரை. லூற்றன் நகருக்கு அருகில் ஊற்றெடுத்துத் தேம்ஸ் நதியில் கலக்கும் இந்த ஆறு, ஒரு காலத்தில் தொழிற்சாலைகளின் கழிவுகளைச் சுமந்து ஓடியது. 2012ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்ற பூங்காவும் இதன் கரையில்தான் அமைந்துள்ளது. இன்று அதன் ஓரங்களில் நடைபாதைகள், படகு வீடுகள், புல்வெளிகள், சதுப்பு நிலங்கள் என்பன காணப்படுகின்றன.

நடை தொடங்கியதும் கூடையை எடுத்துக்கொண்டு பறிக்கப் போகின்றோம் என்று எண்ணி வந்தவர்களுக்கு ஏமாற்றமே காத்திருந்தது. முதல் அரை மணித்தியாலமும் எதைத் தொடக்கூடாது என்பது பற்றியே அப்பெண்மணி பேசினார். ஆற்றின் ஓரத்தில், கொத்தமல்லியையும் செலரியையும் நினைவூட்டும் இலைகளோடு ஒரு செடி இருக்கும். ஹெம்லொக் வோட்டர் டிராப்வேர்ட் என்பது அதன் ஆங்கிலப் பெயர். பிரித்தானியாவில் தானாக வளரும் செடிகளுள் மிகக் கொடிய நஞ்சுடையது அதுவே என்பார்கள். அதன் கிழங்குகள் வெண்ணிற விரல்களைப் போலக் கொத்தாக இருப்பதால் 'பிணத்தின் விரல்கள்' என்று நாட்டு மக்கள் பெயர் வைத்தார்கள். ஸ்கொட்லாந்தின் ஆர்கைல் பகுதிக்கு விடுமுறையில் சென்ற இளைஞர் குழுவொன்று, நீரோடையில் கிடைத்த அந்தக் கிழங்கை நல்ல கிழங்கென்று நம்பிக் கறியில் சேர்த்து உண்டது. அவர்களுட் சிலர் வலிப்போடு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்ட கதை மருத்துவ ஏட்டிலேயே பதிவாகியுள்ளது.

அடுத்ததாக அவர் காட்டியது காட்டு வெள்ளைப்பூடு. வசந்த காலத்தில் ஈரமான மர நிழலில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலப் பரவும் செடி இது. இலையைக் கசக்கினால் உள்ளி மணக்கும். அந்த மணமே அதனை இனங்காணும் வழி என்று பலரும் நினைக்கின்றனர். ஆனால் ஐந்தாறு இலைகளைக் கசக்கி முகர்ந்த பின்னர் மணம் விரலில் ஒட்டிக்கொள்கின்றது. அதன் பிறகு எந்த இலையை முகர்ந்தாலும் உள்ளிதான் மணக்கும். காட்டு வெள்ளைப்பூட்டின் நடுவிலேயே நஞ்சுள்ள வேறு செடிகளின் இளம் இலைகளும் முளைப்பதுண்டு. ஆதலால் மூக்கை மட்டும் நம்பாமல் இலையின் நரம்பையும் தண்டையும் ஒவ்வோர் இலையாகப் பார்க்க வேண்டும் என்றார். நாங்கள் பத்திரிகைத் தொழிலில் ஒரு செய்தியை இரண்டு இடங்களில் விசாரித்து உறுதிப்படுத்திய பின்னரே அச்சுக்கு அனுப்புவோம். செடி பறிப்பவருக்கும் அதே விதிதான் என்பதைக் கண்டபோது எனக்கு அந்தப் பெண்மணி மீது மதிப்பு உண்டாயிற்று.

அதன் பின்னரே உண்ணத்தக்கவற்றுக்கு வந்தோம். தொட்டால் சுணைக்கும் நெற்றில் என்னும் செடி அங்கே எங்கும் வளர்கின்றது. நமது காஞ்சோண்டியின் நினைவு வரும். ஆயினும் தாவரவியல்படி இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. பூக்கும் முன்னர் நுனிக் கொழுந்துகளை மாத்திரம் கையுறை அணிந்து பறித்துக் கொதிநீரில் இட்டால் சுணை போய்விடும். சூப்பாகவும் கீரையாகவும் உண்ணலாம். இன்னும் ஹோதோர்ண் மரத்தின் இளந்தளிர், கடுகின் காரமும் உள்ளியின் மணமும் கலந்த கார்லிக் மஸ்ரட், தரையோடு படரும் சிக்வீட் என்று பத்துப் பன்னிரண்டு வகைகளைக் காட்டினார். நாய்கள் நடமாடும் பாதையோரத்தில் பறிக்கக்கூடாது, ஆடு மாடு மேயும் நிலத்தை அண்டிய நீரில் வளரும் வோட்டர்கிரஸ் கீரையைப் பச்சையாக உண்டால் ஈரலைத் தாக்கும் புழு உடலுக்குள் செல்லக்கூடும், எலிகளின் சிறுநீர் கலந்த ஆற்று நீரால் நோய் பரவும் என்றெல்லாம் எச்சரித்தார். கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும், நமது வயற்காரர்களை ஆண்டுதோறும் வாட்டும் எலிக்காய்ச்சல் எனக்கு நினைவுக்கு வந்தது.

நடையின் நடுவே நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஆறு சற்றே விரிந்து மெதுவாக ஓடும் ஓரிடத்தில், நீர்ப்பரப்பை மூடியபடி பளபளக்கும் வட்ட இலைகள் அடர்ந்து கிடந்தன. என் மருமகள் முகம் மலர்ந்து, "மாமா, இஞ்சை பாருங்கோ, வல்லாரை! அம்மாவுக்குக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போவமா? சம்பல் போடுவா" என்று கேட்டாள்.

"பொறு பிள்ளை, வல்லாரை தண்ணியிலை மிதக்கிறேல்லை. முதலிலை அவவைக் கேள்" என்றேன்.

அவளைக் குறை சொல்வதற்கில்லை. லண்டனில் பிறந்து வளர்ந்த அவள் வல்லாரையை அறிந்தது, தமிழ்க் கடைகளில் பொலித்தீன் பைக்குள் கட்டி விற்கப்படும் இலைகளாகத்தான். அது மண்ணில் எப்படிப் படரும் என்பதை அவள் கண்டதில்லை. வழிகாட்டிப் பெண்மணி அந்த இலையைக் காட்டி விளக்கினார். அது புளோட்டிங் பெனிவேர்ட் எனப்படும் வட அமெரிக்கச் செடி. மீன்தொட்டிகளுக்கும் தோட்டக் குளங்களுக்கும் அழகுக்காக விற்கப்பட்டு, அங்கிருந்து ஆறுகளுக்குத் தப்பிச் சென்றது. பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டளவில் எசெக்ஸ் பகுதியில் இயற்கை நீர்நிலையில் வளர்வது கண்டறியப்பட்டது. ஏற்ற பருவத்தில் ஒரு நாளில் 20 சென்ரிமீற்றர் வரை வளர்ந்து ஆற்றையே அடைத்துவிடும். 2014ஆம் ஆண்டிலிருந்து அங்கு அதனை விற்பது தடை செய்யப்பட்டுள்ளது. ஒரு சிறு துண்டு உடைந்து போனாலும் அது புதிய இடத்தில் வேர்விடும். ஆசையோடு வீட்டுக்குக் கொண்டுபோய் நட்டு, பின்னர் வேண்டாமென்று அருகிலுள்ள ஓடையில் எறிந்துவிட்டால் இன்னோர் ஆறும் பாழாகும்.

வல்லாரை ஈரத் தரையில் கொடிபோல ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். அதன் இலை விளிம்பில் சிறு பற்கள் இருக்கும்; இலை ஆழமாகப் பிளவுபடுவதில்லை. லீ ஆற்றில் கண்டது நீரில் மிதப்பது; இலையும் ஆழமாகப் பிளந்து மடல் மடலாக இருக்கும். ஆங்கிலத்தில் இரண்டுக்குமே பெனிவேர்ட் என்ற பெயர் வழங்குவதால் குழப்பம் இன்னும் கூடுகின்றது. ஊரில் ஒரு முறை வல்லாரையை மண்ணிலிருந்து பிடுங்கியவர் இந்த இரண்டையும் மாற்றிக்கொள்ள மாட்டார். சுவையை மட்டும் பெற்றோரிடமிருந்து பெற்று, செடியை நேரிற் காணாத தலைமுறை மாற்றிக்கொள்ளும்.

இது ஒரு பெண்பிள்ளையின் தனிப்பட்ட மயக்கம் அன்று. இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. அவுஸ்திரேலியாவில் அலிகேற்றர் வீட் என்னும் தென்னமெரிக்கக் களை, நீர்நிலைகளையும் விளைநிலங்களையும் நாசமாக்கும் மிக மோசமான களைகளுள் ஒன்றாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. 1990களின் நடுப்பகுதியில் பிரிஸ்பேன் நகரில் சில வீடுகளின் பின்வளவுகளில் இந்தக் களை பாத்தி கட்டி, நீர் ஊற்றி வளர்க்கப்படுவதை அதிகாரிகள் கண்டுபிடித்தனர். தொடர்ந்து ஆராய்ந்தபோது மெல்பேர்ண், சிட்னி உட்படப் பல நகரங்களிலும் இவ்வாறு வளர்க்கப்படுவது தெரியவந்தது. வளர்த்தவர்கள் நம் நாட்டவர்கள். சிங்களத்தில் முக்குணுவென்ன என்றும் தமிழில் பொன்னாங்காணி என்றும் நாம் அழைக்கும் கீரை என நம்பியே அவர்கள் அதனை நட்டிருந்தனர். ஊரை விட்டுப் போனவர்கள் ஊரின் கீரையைத் தேடி, ஒருவரிடமிருந்து ஒருவர் தண்டு வாங்கி நட்டு, அன்போடு பகிர்ந்து, ஒரு நாட்டையே அச்சுறுத்தும் களையைப் பரப்பியிருந்தார்கள்.

அவுஸ்திரேலிய அதிகாரிகள் இதனைக் கையாண்ட விதத்தைப் பாராட்ட வேண்டும். தண்டம் விதித்து, பிடுங்கி எரித்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை. இலங்கைச் சமூகத்தினரிடையே இரண்டு செடிகளின் வேறுபாட்டை விளக்கினார்கள். விக்டோரியா மாநிலத்தில், அந்நாட்டிலேயே இயற்கையாக வளரும் பொன்னாங்காணியின் நெருங்கிய உறவான வேறொரு செடியைத் தேர்ந்து, களைக்குப் பதிலாக அதனை வளர்க்குமாறு ஊக்குவித்தார்கள். உணவின் மீதான ஏக்கத்தைக் குற்றமாகக் கருதாமல், அந்த ஏக்கத்துக்கு ஒரு சரியான செடியைக் கையில் கொடுத்தார்கள்.

வேறுபாடு என்னவென்பதை இங்கும் சொல்லிவிடுகின்றேன். உலகின் எந்த மூலையில் இருந்து இதனைப் படிப்பவருக்கும் பயன்படும். பொன்னாங்காணியின் சிறிய வெண்ணிறப் பூங்கொத்து, இலையும் தண்டும் சேரும் கணுவிலேயே, காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அலிகேற்றர் களையின் பூங்கொத்து, கணுவிலிருந்து நீண்ட தனிக் காம்பின் நுனியில் நிற்கும். அதன் இலைகள் பெரியவை. முற்றிய தண்டின் உள்ளே குழாய்போல வெறுமையாக இருக்கும். பூக்கும் வரை பொறுத்திருந்து பார்த்தால் ஐயத்துக்கு இடமில்லை. இக்களை இப்போது இலங்கையிலும் பரவியுள்ளதால் இந்த வேறுபாட்டை அறிவது நமக்கும் அவசியமாகின்றது.

ஒரு மொழியிலுள்ள செடிப் பெயர் என்பது வெறும் ஒலியாக இருந்தால் போதாது. பெயரோடு அடையாளமும், அடையாளத்தோடு எச்சரிக்கையும், எச்சரிக்கையோடு பக்குவமும் சேர்ந்து வரவேண்டும். நம் பாட்டிமார் பெயரைச் சொல்லித் தந்தபோது இவை யாவற்றையும் சேர்த்தே தந்தனர். எனது தாயாரின் ஊர் வழுக்கியாற்றின் கரையை அண்டியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு உள்ள ஒரே ஆறு என்று நாங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் அது, மாரியில் மட்டுமே ஆறு. கோடையில் வெறும் வாய்க்கால். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தை வாங்கிக்கொண்டு வயல்களினூடாக ஓடி, அராலியில் கடலேரியைச் சேரும். மாரி முடியும் காலத்தில் அதன் வரம்புகளில் பொன்னாங்காணியும் வல்லாரையும் கானாந்தியும் மண்டிக் கிடக்கும். அம்மாவோடு போகும் பெண்கள், பறித்துக்கொண்டே பேசுவார்கள். எந்த இலை கஞ்சிக்கு, எது வறைக்கு, எது பிள்ளை பெற்றவளுக்கு, எதை மாட்டுக்கும் போடக்கூடாது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வந்துகொண்டிருக்கும். அதுவும் ஒரு வழிகாட்டி நடைதான். கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அவ்வளவே வேறுபாடு.

அந்தப் பாடசாலை இன்று மூடப்பட்டுவிட்டது. அதற்குப் பல காரணங்கள் உள்ளன. யுத்தமும் இடப்பெயர்வும் மக்களை மண்ணிலிருந்து பிடுங்கின. வரம்புகளும் குளக்கட்டுகளும் ஆண்டுக்கணக்கில் கால் வைக்க அஞ்சும் இடங்களாயின. கண்ணிவெடி அபாயப் பலகை நாட்டப்பட்ட நிலத்தில் எந்தப் பாட்டி பேத்தியைக் கீரை பறிக்கக் கூட்டிச் செல்வாள்? மீண்டும் திரும்பி வந்தபோது அறிந்தவர்கள் பலர் இல்லை; இருந்தவர்களிடம் கேட்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை.

அடுத்தது களைநாசினி. வரம்பில் நிற்கும் பொன்னாங்காணி நெல்லுக்குக் களை; ஆதலால் அதன் மீதும் மருந்து அடிக்கப்படுகின்றது. கிளைபொசேற் என்னும் களைநாசினியை இலங்கை அரசாங்கம் 2015இல் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. 2021இல் இரசாயனப் பசளைகளோடு விவசாய இரசாயனங்கள் யாவற்றின் இறக்குமதியையும் ஒரே நாளில் நிறுத்திப் பின் அதே ஆண்டிலேயே பின்வாங்கியது. 2022இல் கிளைபொசேற்றுக்கான தடையையும் நீக்கிற்று. கொள்கை இப்படித் தள்ளாடும் நாட்டில், வரம்போரத்துக் கீரையில் நேற்று என்ன விழுந்தது என்பதைப் பறிப்பவர் எப்படி அறிவார்? வயற்காரரைக் கேட்டறியாமல் வரம்பில் கை வைக்கக்கூடாது என்பது இன்றைய புதிய விதியாகிவிட்டது. கொழும்பை அண்டிய சதுப்பு நிலங்களில் விளைந்த கீரைகளிலும் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரில் வளரும் கீரை நீரிலுள்ள நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே உறிஞ்சும். ஆற்றைக் காப்பாற்றாமல் ஆற்றங்கரைக் கீரையைப் புகழ்வதில் பொருளில்லை.

மூன்றாவது காரணம் நான் தொடக்கத்திற் கூறிய வெட்கம். இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் இந்த வெட்கத்துக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருக்கின்றது. "பட்டினி கிடந்தபோது இலை குழையைத் தின்றோம், அதை இப்போது பெருமையாகப் பேசச் சொல்கிறீர்களா?" என்று வன்னியைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் கேட்டால், அவருக்கு மறுமொழி சொல்லும் தகுதி எனக்கில்லை. வேறு வழியில்லாமல் இலையைப் பறித்தவருக்கும், மூன்று மணித்தியாலம் பொழுதுபோக்காகப் பறித்துவிட்டு உணவகத்துக்குச் சென்றவருக்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. முள்ளிவாய்க்கால் கஞ்சியை 2009ஆம் ஆண்டின் துயர நினைவாக மக்கள் ஆண்டுதோறும் காய்ச்சிப் பகிர்கின்றனர். அதனை எவரும் உடல்நலப் பானமாக விற்க முனைந்தால் நானே முதலில் எதிர்ப்பேன். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று சொல்லி அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அளித்ததையும் நாம் மறக்கவில்லை. ஆட்சியாளரின் தவறுக்குக் கீரைப் பாத்தி பரிகாரமாகாது. காட்டுக் கீரையைப் பற்றிப் பேசும் எவரும், அது அரிசிக்கும் பருப்புக்கும் மாற்று என்று ஏழைகளிடம் சொல்லத் துணியக்கூடாது.

ஆயினும் பசியின் நினைவு கசப்பானது என்பதற்காக அறிவையும் சேர்த்துப் புதைத்துவிட வேண்டுமா? பிரித்தானியரின் அனுபவத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தோடம்பழ இறக்குமதி தடைப்பட்டபோது, வேலிகளில் வளரும் காட்டு ரோஜாவின் காய்களைப் பாடசாலைப் பிள்ளைகள் சேகரித்துக் கொடுத்தனர். அவற்றிலிருந்து விற்றமின் சீ நிறைந்த பாகு தயாரிக்கப்பட்டுக் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டது. போர் முடிந்ததும் அதுவும் பஞ்சகாலத்து நினைவாக ஒதுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் 1972இல் ரிச்சர்ட் மேபி என்பவர், இலவசமாகக் கிடைக்கும் காட்டுணவுகளைப் பற்றி எழுதிய நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அந்த அறிவு மறுபடியும் மதிப்புக்குரியதாயிற்று. இன்று நடைபெறும் வழிகாட்டி நடைகள் அந்த மரபின் வழி வந்தவையே.

அவர்கள் செய்வது யாவும் சரி என்று நான் சொல்லவில்லை. நாகரிகமாகிவிட்ட எதற்கும் நேரும் கேடு இதற்கும் நேர்கின்றது. உயர்தர உணவகங்கள் காட்டு இலைகளை விலைகொடுத்து வாங்கத் தொடங்கியதும் சாக்குக் கணக்கில் அள்ளிச் செல்பவர்களும் தோன்றினர். லண்டனின் விளிம்பிலுள்ள எப்பிங் காட்டில் காளான் பறிப்பது தடை செய்யப்பட்டு, மீறியவர்கள் மீது வழக்குகளும் தொடரப்பட்டுள்ளன. இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டம் இந்த விடயத்தில் ஒரு நுட்பமான கோட்டை வரைகின்றது. தானாக வளரும் செடியின் பூ, பழம், இலை, காளான் என்பவற்றைப் பிறர் நிலத்தில் பறித்தாலும், விற்பனை நோக்கம் இல்லாதவிடத்து அது திருட்டாகாது. விற்பதற்காகப் பறித்தால் அது வேறு. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டமோ, நிலச் சொந்தக்காரரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவதைத் தடுக்கின்றது. இலையைக் கிள்ளலாம், வேரைப் பிடுங்கலாகாது. வீட்டுக்கு எடுக்கலாம், சந்தைக்கு எடுக்கலாகாது. இந்தச் சட்ட வாசகங்களை அறிந்தபோது, "தண்டைக் கிள்ளு, வேரை விடு, அடுத்த மழைக்கு வரும்" என்று அம்மா சொன்னது என் காதில் ஒலித்தது.

பாதுகாப்பைக் காட்டி இந்த நடைகளே வேண்டாம் என்பவர்களும் உள்ளனர். அறியாதவர் ஆபத்தானதைத் தின்று இறந்துவிடுவார் என்பது அவர்கள் வாதம். என் கருத்து நேர்மாறானது. ஆபத்து அறியாமையிலிருந்துதான் வருகின்றது. நம் வேலிகளில் மலர்ந்து கண்ணைப் பறிக்கும் கார்த்திகைப் பூச்செடியின் கிழங்கு கொடிய நஞ்சு. அதனை வற்றாளைக் கிழங்கு என்று எண்ணி அவித்து உண்டு இறந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. மருத்துவ ஏடுகள் அவற்றைப் பதிவு செய்துள்ளன. அந்த மரணங்களுக்கு எந்த வழிகாட்டி நடையும் காரணமன்று. ஒருவர் அருகில் நின்று, "இது வற்றாளை இல்லை" என்று சொல்லியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். காட்டு உணவு பற்றிய அறிவில் சரிபாதி, எதை உண்ணக்கூடாது என்ற அறிவாகும். மரபு அழியும்போது, சுவையான பகுதி முகநூல் படங்களிலும் சமையற் காணொளிகளிலும் எப்படியோ தப்பிப் பிழைத்துவிடுகின்றது. எச்சரிக்கைப் பகுதியே முதலில் அழிந்து போகின்றது. இதுவே என் கவலை.

பெயர்களின் குழப்பம் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் பொன்னாங்காணி என்போம். தமிழகத்தில் பொன்னாங்கண்ணி என்பார்கள். சிவந்த இலையுடைய அழகுச் செடியொன்றும் சிவப்புப் பொன்னாங்கண்ணி, சீமைப் பொன்னாங்கண்ணி என்ற பெயர்களில் வழங்குகின்றது, அது வேறினம். நாங்கள் பசளி என்பதைத் தமிழகத்தார் பசலை என்பர். அங்கே பசலை என்ற சொல்லால் மேல்நாட்டு ஸ்பினாச் கீரையையும் குறிப்பதுண்டு. ஒரு மாவட்டத்து மூலிகைப் பெயர் அடுத்த மாவட்டத்தில் வேறு செடியைக் குறிப்பதை நான் செய்தி சேகரிக்கச் சென்ற இடங்களிலெல்லாம் கண்டிருக்கின்றேன். இணையத்தில் ஒரு தமிழ்ப் பெயரைத் தேடி, முதலில் வரும் படத்தை நம்பிச் செடியைப் பறிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இதிலிருந்து உணரலாம். தமிழ்ப் பெயரோடு தாவரவியற் பெயரையும், எந்த ஊர் வழக்கு என்பதையும் சேர்த்து எழுதும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

நான் முன்வைக்கும் யோசனை எளியது. வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு பெண்கள் நடத்தும் 'அம்மாச்சி' உணவகங்கள் நல்ல பெயர் பெற்றுள்ளன. உள்ளூர்ச் சமையலுக்கு மதிப்பும், அதனைச் சமைக்கும் பெண்களுக்கு வருமானமும் ஒருங்கே கிடைக்கச் செய்யலாம் என்பதை அவை மெய்ப்பித்துள்ளன. அடுப்படியிற் செய்ததை ஆற்றங்கரையிலும் செய்யலாம். வழுக்கியாற்றின் கரையில், கனகராயன் ஆற்றின் கரையில், இரணைமடுக் குளக்கட்டில், மட்டக்களப்பு வாவியின் ஓரத்தில், மாரி முடியும் தை, மாசி மாதங்களில் மாதம் இரண்டு நடைகளை ஒழுங்கு செய்யட்டும். செடியை அறிந்த ஒரு முதியவரும், தாவரவியல் படித்த ஓர் ஆசிரியரும் சேர்ந்து வழிகாட்டட்டும். ஒருவர் ஊர்ப்பெயரையும் பக்குவத்தையும் சொல்ல, மற்றவர் தாவரவியற் பெயரையும் நஞ்சுள்ள போலிகளையும் சொல்லலாம். அந்த முதியவருக்கு உரிய சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். லண்டனில் 35 பவுணை மறு பேச்சின்றிக் கொடுக்கும் நாம், ஊரில் அதே அறிவுக்கு ஒரு தேநீரோடு நன்றி சொல்லி அனுப்பிவிடும் வழக்கத்தை விட வேண்டும்.

பாடசாலைகளுக்கும் இதில் இடமுண்டு. எங்கள் பிள்ளைகள் ஒளித்தொகுப்பின் சமன்பாட்டை மனனம் செய்து பரீட்சையில் சித்தியடைகின்றார்கள். பாடசாலை வேலியில் நிற்கும் முசுட்டையை அவர்களால் இனங்காண முடிவதில்லை. ஆண்டில் ஒரு நாள் வேலியோரம் நடந்து இருபது செடிகளின் பெயரை எழுதினால், பாடத்திட்டம் எந்த வகையிலும் குலைந்துவிடாது. கிராமத்து மாணவருக்கு வீட்டிலுள்ள அம்மம்மாவும் ஓர் அறிஞர் என்பது அப்போது விளங்கும்.

புலம்பெயர்ந்து வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது சற்று வேறு. நீங்கள் வாழும் நாட்டின் ஆற்றங்கரைகளுக்கு அந்த நாட்டுச் செடிகளை அறிந்தவர்களோடு போங்கள். ஊரின் செடியை அங்கே தேடாதீர்கள். அதைப் போன்ற இன்னொன்றைத்தான் பெரும்பாலும் காண்பீர்கள். அங்குள்ள மண்ணின் கீரையை அதன் பெயரோடும் அதன் எச்சரிக்கையோடும் கற்றுக்கொண்டு, உங்கள் வழக்கப்படி தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறுத்தெடுங்கள். என் தங்கை அன்றிரவு நெற்றில் கொழுந்தை அவ்வாறே வறையாக்கினாள். முருங்கையிலையின் சாயல் அதில் இருந்தது, உண்டோம், நன்றாயிருந்தது. வல்லாரை வேண்டுமாயின் கடையில் வாங்குங்கள், அல்லது நம்பிக்கையானவரிடம் கன்று பெற்று யன்னலோரச் சாடியில் வளருங்கள். ஆற்றில் மிதப்பதை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் குடும்பத்தில் எழுபது வயதைத் தாண்டிய எவரேனும் இருந்தால், இந்த மாதத்திலேயே ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அவரருகில் அமருங்கள். சிறு வயதில் பறித்துண்ட இலை, காய், பழம், கிழங்கு ஒவ்வொன்றின் பெயரையும் ஊர்ப்பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். எந்த மாதத்தில் கிடைக்கும், எங்கே வளரும், பூ எப்படியிருக்கும், எப்படிச் சமைப்பார்கள் என்று கேளுங்கள். இறுதியாக, அதைப் போலவே தோற்றமளித்து ஆளைக் கொல்லக்கூடிய செடி எது என்று கேளுங்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கான விடையைச் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகின்றார்கள்.